கார்பன் காசு யார் கணக்கில் ஏறும்?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். கடலூர் மாவட்டம் கிள்ளைப் பக்கத்தில் உங்கள் இருளர் குடியிருப்புக்கு ஒரு கம்பெனிக்காரர்கள் இரண்டு தடவை வந்து போயிருக்கிறார்கள். சுரபுன்னைக் காட்டை, அதாவது அலையாத்திக் காட்டை, ஒட்டிக் கிடக்கும் வெட்டவெளியில் கன்று நடுவார்களாம். அதில் வரும் கார்பன் கிரெடிட்டை வெளிநாட்டில் விற்று ஊருக்குப் பங்கு தருவார்களாம். ஒப்பந்தம் 40 வருடத்துக்காம். கையெழுத்துப் போடலாமா என்று எழுதியிருக்கிறீர்கள். கூடவே, புதுச்சேரிப் பக்கம் இருக்கும் உங்கள் சொந்தக்காரர்களுக்கும் இது பொருந்துமா என்றும் ஒரு வரி. இதில் நிஜமாகவே பணம் இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. இருந்தால் அதை வாங்கும் உரிமை உங்கள் கையில் இருக்கிறதா என்பது இன்னொரு கேள்வி. வருகிறவர்கள் முதல் கேள்வியைப் பற்றித்தான் மணிக்கணக்கில் பேசுவார்கள். வழக்கு, வாய்த்தகராறு எல்லாம் பிறகு இரண்டாவதிலிருந்துதான் கிளம்பும்.

நான் கடலூர், நாகை கடற்கரையில் அலையாத்திக் காடு வளர்க்கும் வேலையில் பல வருடம் சேற்றில் நின்றவன். பிறகு காட்டுக் கார்பன் திட்டங்களைத் தணிக்கை செய்யும் குழுக்களோடு சுற்றினேன். இப்போது புதுச்சேரியில், தேங்காய்த்திட்டுப் பக்கம் வாசம். வழக்கறிஞன் இல்லை. உங்கள் ஒப்பந்தத்தைப் பார்க்கவும் இல்லை. அந்த அளவுக்குள் நின்று சொல்கிறேன்.

கிரெடிட் என்பது ஒரு டன் கரியமில வாயுவுக்குச் சமமான கணக்கு. அந்த ஒரு டன் காற்றில் கலக்காமல் தடுத்தோம், அல்லது காற்றிலிருந்து இழுத்து மரத்திலும் சேற்றிலும் வைத்தோம் என்று காட்டினால் ஒரு கிரெடிட். பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான்: ஏற்கெனவே நிற்கிற, அழியும் ஆபத்து இல்லாத காட்டுக்குக் காசு கிடையாது. உங்கள் பக்கத்துப் பிச்சாவரம் காப்புக்காடு, 2022-ல் 1,478 ஹெக்டேர் பரப்போடு உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. அதை வெட்டப்போகிறோம், நீங்கள் காசு கொடுத்தால் வெட்டமாட்டோம் என்று யாரும் சொல்ல முடியாது. ‘இந்தத் திட்டம் இல்லாவிட்டால் என்ன நடந்திருக்கும்?’ என்ற கேள்விக்கும் நிஜமாக நடந்ததற்கும் இடையே உள்ள வித்தியாசத்தைத்தான் விற்க முடியும். ஆகவே ‘உங்கள் காட்டில் கோடிக்கணக்கில் கார்பன் கிடக்கிறது’ என்று யாராவது சொன்னால் அது உண்மைதான்; அதை விற்கலாம் என்பது மட்டும் பொய். உங்கள் இடத்தில் புதிதாக வளர்வதுதான் சரக்கு.

புதிதாக வளர்க்க முடியுமா என்றால், முடியும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, ஏனென்றால் உங்கள் ஊர்க்காரர்களே அதைச் செய்து காட்டியவர்கள். வெள்ளைக்காரர் காலத்தில் தொடங்கி 1970-கள் வரை பிச்சாவரத்தில் பாகம் பாகமாகக் காட்டை மொட்டையாக வெட்டினார்கள். வெட்டின இடத்தில் வெயில் பட்டு மண் அமிழ்ந்து பள்ளமானது. ஏற்றத்தில் (கடல் நீர் ஏறும்போது) வந்த தண்ணீர் வற்றில் (அது இறங்கும்போது) வெளியேற வழியில்லாமல் தேங்கி, காய்ந்து, உப்பேறிப்போனது. அங்கே கன்று நட்டால் சாகும். ஆடுமாடு மேய்ந்து காடு அழிந்தது என்று கொஞ்ச காலம் பழியை ஊர்க்காரர்கள் தலையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் 1990-களில் மீன்முள் மாதிரி வாய்க்கால் வெட்டி, ஓடையோடு சேர்த்து, தண்ணீர் வந்து போக வழி செய்தபோதுதான் வெண்கண்டல் என்ற அலையாத்தி மரம் வேர் பிடித்தது. வாய்க்கால் எந்தச் சரிவில் போனால் வற்றில் முழுக்க வடியும் என்பதை வரைபடத்தைவிடச் சேற்றில் நடந்தவர்கள் நன்றாகச் சொன்னார்கள். ஒன்று மட்டும் மறக்க வேண்டாம்: வாய்க்காலில் சேறு படியும். சில வருடத்துக்கு ஒருமுறை தூர் வாராவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். அந்தச் செலவு ஓயாது.

இப்போது பணக் கணக்கு. எண்கள் எல்லாம் என் அனுமானம். கணக்கு ஓடும் விதத்தைக் காட்டத்தான். 200 ஹெக்டேர் புதிதாக வளர்ப்பதாக வைத்துக்கொள்வோம். ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 10 டன் என்று வைத்தால் 2,000 கிரெடிட். புயல், நோய் வந்தால் ஈடுகட்ட என்று ஒரு பங்கைப் பொதுக் கையிருப்பில் போட்டுவிடுவார்கள். 20 சதவீதம் என்று கொள்ளுங்கள். மீதி 1,600. ஒன்று 15 டாலர் என்றால் 24,000 டாலர், ஏறக்குறைய 20 லட்சம் ரூபாய். அதில் பாதி ஊருக்கு என்றால் 10 லட்சம். 300 குடும்பம் என்றால் ஒரு குடும்பத்துக்கு வருடத்துக்கு மூவாயிரத்துச் சொச்சம். நல்ல இறால் காலத்தில் சில நாளில் பிடித்துவிடும் காசு. இதிலும் தணிக்கைக் கட்டணம், பதிவுக் கட்டணம், அளவெடுக்கும் செலவு எதையும் நான் கழிக்கவில்லை. திட்டம் சிறியதாக இருந்தாலும் தணிக்கைக்கு வருகிறவரின் விமான டிக்கெட் சிறியதாகாது.

அந்த 10 டன் என்பதும் கல்லில் எழுதியது இல்லை. நட்ட முதல் சில வருடம் மிகக் குறைவாக வரும். வெள்ளாறும் கொள்ளிடமும் கொண்டுவந்து சேர்க்கும் வண்டலோடு எங்கோ மேட்டில் உதிர்ந்த இலைதழையின் கார்பனும் வருகிறது. அதை உங்கள் கன்று சேர்த்ததாகக் கணக்குக் காட்டக் கூடாது, கழிக்க வேண்டும். நல்ல தண்ணீர் அதிகம் கலக்கும் இடத்தில் சேற்றிலிருந்து மீத்தேன் என்ற, பூமியைச் சூடாக்கும் இன்னொரு வாயு கிளம்பும். அதையும் கழிக்க வேண்டும். உலக சராசரியை எடுத்துப் போட்டு ‘அலையாத்திக் காடு மற்றக் காட்டைவிடப் பல மடங்கு உறிஞ்சும்’ என்று ஸ்லைடு போடுகிறவர்கள் இந்தக் கழித்தல்களைக் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் வைத்திருப்பார்கள். புயல் வேறு. 2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ புயல் எங்களுக்கும் உங்களுக்கும் நடுவில்தான் கரையேறியது. 40 வருட ஒப்பந்தத்துக்குள் அப்படி ஒன்று வராது என்று யார் எழுதிக் கொடுப்பார்கள்?

பணம் வரும் நேரமும் சிக்கல். நாற்றங்காலுக்கும் வாய்க்கால் வெட்டுக்கும் முதல் வருடமே செலவு. கிரெடிட் கிடைப்பதோ மரம் வளர்ந்து, அளந்து, தணிக்கை முடிந்து, பதிவாகி, ஆள் வாங்கிய பிறகு. நடுவில் நாலைந்து வருடம் யார் கைக்காசு போடுகிறார்களோ, கிரெடிட்டின் பெரும்பங்கை அவர்கள் கேட்பார்கள். அது நியாயமும்கூட. வங்காளத்துச் சுந்தரவனத்தில் ஐரோப்பியக் கம்பெனிகள் சேர்ந்து வைத்த லைவ்லிஹூட்ஸ் நிதி உள்ளூர்த் தொண்டு நிறுவனம் ஒன்றோடு இப்படித்தான் முன்பணம் போட்டது. அந்தப் பணத்தில் சுமார் 4,500 ஹெக்டேரில் அலையாத்தி நட்டு, வருகிற கிரெடிட்டை அந்தக் கம்பெனிகளே எடுத்துக்கொள்கின்றன. ஊருக்குக் கிடைப்பது கூலி, கரைக்குப் பாதுகாப்பு, மீன். அதுவும் ஒரு பேரம்தான். ‘பங்கு’ என்ற சொல்லைக் கேட்டுவிட்டுக் கூலி மட்டும் வாங்கினால்தான் ஏமாற்றம்.

பணத்தைப் பற்றி இவ்வளவு போதும். உரிமைக்கு வருகிறேன்.

பழங்குடிகள் கையில் உருப்படியாகப் பணம் சேர்ந்த திட்டங்களைப் பாருங்கள். எல்லாவற்றிலும் நிலத்தின் மீது ஏதோ ஓர் எழுத்து உரிமை முதலில் வந்திருக்கிறது, கார்பன் பின்னால்தான் வந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவின் வடக்கே மேற்கு ஆர்ன்ஹெம் நிலத்தில் 28,000 சதுர கிலோமீட்டரில் பழங்குடி வனக் காவலர்கள் கோடை உச்சத்துக்கு முன்பே, ஈரம் கொஞ்சம் இருக்கும்போது, பழைய முறைப்படி சின்னச் சின்னத் தீ வைத்துப் பெருந்தீயைத் தடுக்கிறார்கள். டார்வினில் எரிவாயு ஆலை நடத்திய கம்பெனி 2006 முதல் 17 வருடத்துக்கு, ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் தர ஒப்புக்கொண்டது. பதிலுக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் டன் அளவில் புகை குறைய வேண்டும். அந்த நிலம் 1976-ம் ஆண்டுச் சட்டப்படி ஏற்கெனவே அவர்களுடையது என்பதால்தான் கம்பெனி அவர்கள் வாசலுக்கு வந்தது. மேகாலயாவில் மாவ்ஃப்லாங் பக்கம் காசி மலையில் 10 ஹிமாக்கள், அதாவது பாரம்பரியக் குறு அரசுகள், சேர்ந்து 27,139 ஹெக்டேருக்கு ஒரு கார்பன் திட்டம் நடத்துகின்றன. அங்கே பழங்குடிப் பகுதிகளுக்குத் தன்னாட்சி தரும் அரசியல் சட்டத்தின் ஆறாவது அட்டவணை இருக்கிறது. காடு பெரும்பாலும் சமூகத்தின் சொத்து. உங்களுக்கு இந்த இரண்டுமே நேராகப் பொருந்தாது. பிச்சாவரம் அரசின் காப்புக்காடு.

பொருந்தக்கூடியது கென்யாவின் காசி விரிகுடா. அங்கே ‘மிகோகோ பமோஜா’ என்ற திட்டம் 2013-லிருந்து ஓடுகிறது. 117 ஹெக்டேர் அலையாத்திதான். ஆண்டுக்குச் சுமார் 3,000 டன். காடு அங்கேயும் அரசுடையது. ஆனால் அந்த நாட்டு வனச் சட்டத்தின்படி ஊர்ச் சங்கமும் வனத்துறையும் சேர்ந்து காட்டை நிர்வகிக்க ஓர் ஒப்பந்தம் போட்டிருக்கின்றன. அதன் மேல்தான் கார்பன் விற்பனை நிற்கிறது. காசை வீட்டுக்கு வீடு பிரிக்கவில்லை. குழாய்த் தண்ணீருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போட்டார்கள். சின்னத் தொகையைப் பிரித்தால் ஒன்றுமில்லை, சேர்த்தால் ஒரு தண்ணீர்த் தொட்டி என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நம் ஊரில் அந்த இடத்தில் நிற்கக்கூடிய சட்டம் 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டம். காட்டில் மீனும் நீரிலிருந்து கிடைக்கும் மற்றப் பொருளும் எடுக்கும் சமூக உரிமை அதில் உண்டு. வழிவழியாகக் காத்துவந்த காட்டைத் தொடர்ந்து காத்து நிர்வகிக்கும் உரிமையும் உண்டு. தமிழ்நாட்டில் உயர் நீதிமன்றத்தின் 2008-ம் ஆண்டு இடைக்கால உத்தரவால் பட்டா கொடுப்பது முடங்கி, 2016-ல்தான் உச்ச நீதிமன்றத்தில் வழி திறந்தது. அந்த எட்டு வருடம் போனது போனதுதான். நம் மாநிலத்தில் இருளர் பட்டியல் பழங்குடி மட்டுமல்ல, மிகவும் நலிந்த பழங்குடிப் பிரிவு என்றும் தனியாகக் குறிக்கப்பட்டவர்கள். அதனால் உங்கள் கிராம சபை மூலம் சமூக உரிமைக்கு மனுப் போட அடிப்படை இருக்கிறது. குடும்பத்தில் எல்லோருக்கும் சாதிச் சான்றிதழ் கையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கார்பன் பேச்சில் இது சின்ன விஷயமாகத் தெரியும்; ஆனால் நான் பார்த்த வரை பாதி மனுக்கள் அங்கேதான் நிற்கும்.

இந்தச் சட்டத்தில் ‘கார்பன்’ என்ற சொல்லே கிடையாது. உரிமை பெற்ற காட்டில் வளரும் கார்பன் ஊருக்கா, அரசுக்கா என்பதைச் சட்டம் நேராகச் சொல்லவில்லை. காத்து நிர்வகிக்கும் உரிமை இருந்தால் அதன் பலனும் ஊருக்குத்தான் என்று வாதிடலாம். நானும் அந்தப் பக்கம்தான். ஆனால் அது வாதம், தீர்ப்பு அல்ல. சட்டம் தெளிவாகச் சொல்வது வேறொன்று: இந்தச் சட்டத்தின் கீழ் கிடைக்கும் உரிமை பிள்ளைகளுக்குப் போகும், ஆனால் விற்கவோ பிறர் பெயருக்கு மாற்றவோ முடியாது. ஆகவே ‘இந்நிலத்தின் மீதான எல்லா உரிமைகளையும் கம்பெனிக்கு மாற்றித் தருகிறோம்’ என்ற மாதிரி வாசகம் ஒப்பந்தத்தில் இருந்தால் பேனாவை மூடிவிடுங்கள். காப்புக்காட்டு எல்லைக்குள் நடவு என்றால் இன்னொரு கேள்வியும் உண்டு. வனத்துறை கையெழுத்து இல்லாமல் அங்கே யாரும் ஒரு கன்றுகூட நட முடியாது. அந்த அனுமதிக் காகிதம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இல்லை என்றால் அவர்கள் உங்களிடம் கேட்பது கன்று நடுவதற்கான சம்மதம் இல்லை. வனத்துறையிடம் கொண்டுபோய்க் காட்ட ஒரு காகிதம்.

அரசுப் பக்கம் நடப்பதையும் கொஞ்சம் பிரித்துத் தெரிந்துகொள்ளுங்கள், வருகிறவர்கள் எல்லாவற்றையும் கலந்து பேசுவார்கள். 2023-ல் மத்திய அரசு கார்பன் வணிகத் திட்டத்தை அறிவித்தது; அதில் அலையாத்தி வளர்ப்புக்கும் ஒரு கணக்கு முறை 2025-ல் ஏற்கப்பட்டது. அதே 2023-ல் வந்த ‘கிரீன் கிரெடிட்’ வேறு. அது கார்பன் கிரெடிட் இல்லை. ‘மிஷ்டி’ என்பது அலையாத்தி நடுவதற்கான அரசுத் திட்டம், அதில் விற்க எதுவும் இல்லை. ஆனால் அந்தப் பணத்தில் ஏற்கெனவே நடப்போகிற இடத்தில் இன்னொருவர் வந்து கிரெடிட் கோரினால், நான் மேலே சொன்ன ‘திட்டம் இல்லாவிட்டால் என்ன நடந்திருக்கும்’ கேள்வியில் அவர் தோற்பார்.

தோற்ற கதைகள் நிறைய. 2023 ஜனவரியில் ஐரோப்பியப் பத்திரிகைகள் சேர்ந்து நடத்திய புலனாய்வு, வெர்ரா என்ற பெரிய கிரெடிட் பதிவகத்தின் மழைக்காட்டுக் கிரெடிட்டில் 90 சதவீதத்துக்கு மேல் வெறும் காகிதம் என்றது. வெர்ரா அந்தக் கணக்கை மறுத்தது. அந்தச் சதவீதத்தைப் பற்றி நிபுணர்களே சண்டை போடுகிறார்கள். ஆனால் காடு அழியும் வேகத்தை மிகைப்படுத்திக் காட்டிக் கிரெடிட்டைப் பெருக்கினார்கள் என்பதில் பெரிதாகச் சண்டை இல்லை. கம்போடியாவின் தெற்குக் கார்டமம் திட்டம் இன்னும் உங்களுக்கு நெருக்கமானது. சோங் பழங்குடியினரோடு கலந்துபேசாமலேயே இரண்டு வருடத்துக்கும் மேலாக அது நடந்தது, தங்கள் நிலத்தில் பயிர் வைத்தவர்கள் விரட்டப்பட்டார்கள் என்று ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பு 2024-ல் அறிக்கை வெளியிட்டது.

நானே ஒரு தணிக்கையில் பார்த்தது. வேறொரு மாநிலக் கடற்கரை, பெயர் வேண்டாம். நாற்றங்காலில் வேலை செய்த பெண்களிடம் பேசினோம். எத்தனை நாள் வேலை, என்ன கூலி என்று விரல் விட்டு எண்ணிச் சொன்னார்கள். கிரெடிட் என்றால் என்ன என்று கேட்டதும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஓர் அம்மா மட்டும், ‘காற்றை விற்கிறார்களாமே, அதுவா?’ என்றார். ஒப்பந்தம் ஆங்கிலத்தில், நகரத்து ஆபீஸ் பீரோவில் இருந்தது. எங்கள் படிவத்தில் ‘சமூக ஒப்புதல் பெறப்பட்டது’ என்ற கட்டத்துக்கு எதிரே ஐம்பது கைரேகைகள் ஒட்டியிருந்தன. அன்றைக்கு எங்கள் அணித் தலைவர் அதை ஏற்கவில்லை. ஏற்றிருக்கக் கூடியவர்களையும் எனக்குத் தெரியும்.

ஆகவே கையெழுத்து விஷயத்தில் என் பதில்: இப்போது வேண்டாம், ஆனால் கதவையும் சாத்த வேண்டாம். ஒப்பந்தத்தின் தமிழ்ப் பிரதி கேளுங்கள். கிராம சபையில் வாசிக்கச் சொல்லுங்கள். பங்கு என்பது மொத்த விற்பனையிலா, செலவு போன மிச்சத்திலா என்று கேளுங்கள். மிச்சத்தில் என்றால் மிச்சமே இல்லாமல் கணக்குக் காட்டுவது அவர்களுக்கு ஒரு பொழுதில் ஆகும் வேலை. எல்லாவற்றையும்விட மீன்பிடி பற்றிய பத்தியை முதலில் படியுங்கள். பறியை, அதாவது மீன் போடும் கூடையை, பல்லில் கடித்துக்கொண்டு சேற்றைத் தடவி இறால் எடுக்கும் உங்கள் பெண்களுக்கு நடவுப் பகுதியில் எத்தனை மாதம் தடை, அதற்கு ஈடு என்ன? மேலே போட்ட மூவாயிரத்துச் சொச்சத்தோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே ஓர் ஓடையை மூடினாலும் கணக்கு நஷ்டத்தில் முடியும்.

காடு காக்கப் பணம் என்றாலே கார்பன்தான் என்ற நினைப்பையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். கனடாவின் மேற்குக் கரையில் கிரேட் பேர் மழைக்காட்டுப் பழங்குடிகளுக்காக 2007-ல் 12 கோடி கனடிய டாலரில் ஒரு நிதி வைத்தார்கள். தனியார் கொடையாளர்கள் 6 கோடி, மத்திய அரசும் மாகாண அரசும் தலைக்கு 3 கோடி. ஒரு பாதி காடு காக்க, மறுபாதி தொழில் தொடங்க. எந்த டன்னையும் அளந்து காட்டிவிட்டுத்தான் காவலருக்குச் சம்பளம் என்ற நிலை அங்கே இல்லை. நம் பக்கம் அப்படிப் பெரிய நிதி வருவது கடினம் என்பதும் தெரிந்ததுதான். 2021 கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் பழங்குடிகளுக்கும் உள்ளூர்ச் சமூகங்களுக்கும் 170 கோடி டாலர் என்று அறிவித்தார்கள். முதல் வருடத்தில் கொடுத்ததில் 7 சதவீதம்தான் நேராக அவர்களுடைய அமைப்புகளின் கைக்குப் போனது. மீதி இடைத்தரகு அமைப்புகள் வழியாக. உங்கள் ஊருக்கென்று பதிவு செய்த சங்கமும் அதற்கு ஒரு வங்கிக் கணக்கும் இருந்தால்தான் அந்த 7-க்குள் நிற்கவே முடியும்.

கம்பெனிக்காரர்கள் சுனாமியைக் காட்டிப் பேசினார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். 2004-ல் சுரபுன்னை இருந்த பக்கம் சேதம் குறைவு என்று நம் கடலூர் மாவட்டத்தை வைத்தே 2005-ல் ‘சயின்ஸ்’ இதழில் கட்டுரை வந்தது. ஊர் கடலிலிருந்து எவ்வளவு தூரம், எவ்வளவு மேடு என்பதைச் சேர்த்துப் பார்த்தால் மரத்தின் பங்கு அவ்வளவு தெளிவாக இல்லை என்று இப்பகுதி ஆய்வுகளுக்கு மறுப்பும் வந்தது. சாதாரணப் புயல் அலையை மட்டுப்படுத்தும், கரை அரிப்பைக் குறைக்கும் என்பது உறுதி. சுனாமிக்குச் சுவர் என்று சொல்லி யாரும் கையெழுத்து வாங்க வேண்டாம்.

கடைசியாகப் புதுச்சேரி. உங்கள் சொந்தக்காரர்கள் அரியாங்குப்பம் ஆற்றோரம் இருப்பதாகச் சொன்னீர்கள். இங்கே நிலைமை வெகுகாலம் வேறாக இருந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கில் புதுச்சேரியின் பட்டியல் பழங்குடி எண்ணிக்கை பூஜ்ஜியம், ஏனென்றால் அப்போது இந்தப் பிரதேசத்துக்கு அப்படி ஒரு பட்டியலே அறிவிக்கப்பட்டிருக்கவில்லை. அதே இருளர், அதே மொழி, அதே பறி. ஆனால் நடுவே ஒரு எல்லைக்கோடு. 2016-ல்தான் இங்கும் இருளர் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். வன உரிமைச் சட்டத்தில் பழங்குடிப் பட்டியலில் இல்லாதவர்கள், 2005 டிசம்பர் 13-க்கு முன் மூன்று தலைமுறையாக, அதாவது 75 வருடமாக, அந்தக் காட்டை நம்பி அங்கேயே வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். இப்போது பட்டியலில் சேர்ந்துவிட்டதால் உங்கள் சொந்தக்காரர்களுக்கு அந்த 75 வருடச் சுமை இல்லை; ஆனால் அந்தத் தேதிக்கு முன்பே அந்தக் காட்டை நம்பி அங்கே இருந்ததைக் காட்டத்தான் வேண்டும். இருளருக்கு அதற்கும் காகிதம் எங்கே இருக்கும்? இருப்பது பெரியவர்களின் வாய்மொழி. அதையும் சாட்சியமாக எழுத்தில் பதிந்து கொடுக்கலாம் என்று அந்தச் சட்டத்தின் விதிகளே சொல்கின்றன. அந்த ஊரில் எண்பது தாண்டிய தாத்தா பாட்டி யாராவது இருந்தால், எந்த ஓடையில் யார் பிடித்தார்கள், எந்தத் திட்டில் குடிசை இருந்தது என்று இப்போதே உட்கார்ந்து எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். அங்கே கார்பன் கம்பெனி வரட்டும் வராமல் போகட்டும், இந்த வேலை காத்திருக்காது.